கருங்காட்டுக் கடிகாரம்: கதையும் கணக்கும்



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் கல்லூரியின் அறிவியல் மன்றத்தில் ஒரு வினாடி வினாப் போட்டி நடந்தது. கேள்விகளைத் தயாரித்தவன் நான். அவற்றுள் ஒன்று, "குக்கூ கடிகாரத்தைக் கண்டுபிடித்தவர் யார்?" என்பது. விடைத்தாளில் நான் எழுதி வைத்திருந்த பதில்: "ஃப்ரான்ஸ் அன்டன் கெட்டரர், ஜெர்மனி, 1730." ஒரு மாணவி தயங்காமல் சரியான விடையைச் சொன்னாள். மதிப்பெண்ணும் கொடுத்தாயிற்று. அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்து, "சார், அப்ப அவருக்கு என்ன வயசு?" என்று கேட்டான். அரங்கமே சிரித்தது. "அது கேள்வியில் இல்லை, உட்கார்" என்று சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

அவன் விளையாட்டாகத்தான் கேட்டிருப்பான். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நூல்களைப் புரட்டிப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது. கெட்டரர் பிறந்த ஆண்டு 1734! ஒருவர் தாம் பிறப்பதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே கடிகாரம் செய்துவிட்டார் என்ற விடைக்கு நான் மதிப்பெண் வழங்கியிருக்கிறேன்.

இந்தக் கட்டுரை அந்தத் தவறுக்கு நான் செய்யும் பரிகாரம். ஒரு நாவலையோ நாடகத்தையோ எடுத்துக்கொண்டு இது நல்லது, இது போலி என்று விமர்சனம் செய்கிறோம் அல்லவா? ஒரு பழைய கடிகாரத்தையும் அவ்வாறே விமர்சிக்கலாம் என்பது என் எண்ணம். அதன் இயந்திரம் எப்படிப்பட்டது, அதற்குப் போர்த்திய உடை எப்படிப்பட்டது, அதைப் பற்றிச் சொல்லப்படும் கதை எப்படிப்பட்டது என்று மூன்று கோணங்களில் பார்ப்போம்.

பொருள் எது?

குக்கூ கடிகாரத்தைப் படத்திலாவது பலர் பார்த்திருப்பீர்கள். மரத்தால் செய்த சிறு வீடு போன்ற சுவர்க்கடிகாரம். கூரையின் கீழ் ஒரு குட்டிக் கதவு. மணி அடிக்கும் நேரத்தில் கதவு திறக்க, ஒரு மரப் பறவை தலைநீட்டிக் கூவிவிட்டு உள்ளே போய்விடும். கீழே இரண்டு சங்கிலிகளில் இரும்பாலான இரண்டு எடைகள் தொங்கும். அவற்றுக்கு நடுவே ஒரு குட்டையான ஊசல், அதாவது பெண்டுலம், ஆடிக்கொண்டிருக்கும்.

இதை நாம் "குயில் கடிகாரம்" என்று சொல்வதுண்டு. இதில் ஒரு சிறு திருத்தம் தேவை. ஐரோப்பியக் குக்கூவும் நம் குயிலும் ஒரே பறவைக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இரண்டுமே பிற பறவைகளின் கூட்டில் முட்டையிடுபவை. ஆயினும் குரல் வேறு. நம் குயிலின் கூவல் கீழிருந்து மேலே ஏறும். குக்கூவின் கூவலோ மேல் சுரத்தில் தொடங்கிக் கீழ் சுரத்தில் முடியும். கடிகாரம் பின்பற்றுவது இந்த இறங்கும் கூவலைத்தான்.

இது ஸ்விட்சர்லாந்து நாட்டுப் பொருள் என்று நினைப்பவர்கள் உலகெங்கும் உண்டு. 1949இல் வெளிவந்த "தி தேர்ட் மேன்" என்ற புகழ்பெற்ற திரைப்படத்தில் வரும் ஒரு வசனம் இந்தத் தவறான எண்ணத்தை இன்னும் பரப்பிவிட்டது. உண்மையில் இதன் ஊர் ஜெர்மனியின் தென்மேற்கு மூலையிலுள்ள ஷ்வார்ட்ஸ்வால்ட் மலைப்பகுதி. அந்தச் சொல்லுக்குக் "கருங்காடு" என்று பொருள். ஊசியிலை மரங்கள் அடர்ந்து பகலிலும் இருண்டு கிடப்பதால் வந்த பெயர்.

கருங்காட்டு உழவர்

மண் வளம் குறைந்த மலைநாடு அது. குளிர்காலம் நீண்டது. பனி மூடிய மாதங்களில் வயலில் வேலை இல்லை. மேலும், நிலத்தைப் பிள்ளைகளுக்குப் பங்கு போடாமல் ஒருவருக்கே முழுமையாக விட்டுச் செல்லும் வழக்கம் அங்கு இருந்தது. மற்றப் பிள்ளைகள் பிழைக்க வேறு தொழில் வேண்டும். கையருகே கிடைத்த பொருள் மரம். பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கே மரத்தால் கடிகாரம் செய்யும் தொழில் தொடங்கியது.

தொடக்க காலக் கடிகாரங்களில் சட்டம் மரம், பற்சக்கரங்களும் மரம். எடைக்குக் கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். மணியைக் காட்டும் முள் மட்டும் உண்டு. நிமிட முள் கிடையாது. பித்தளைக் கடிகாரம் செல்வரின் மாளிகைக்கு உரியது. மரக் கடிகாரமோ எளியவர் வாங்கக்கூடிய விலைக்கு வந்தது. முதுகில் ஒரு சட்டத்தைக் கட்டி, அதில் கடிகாரங்களை அடுக்கி, நடந்தே ஐரோப்பா முழுவதும் சென்று விற்றவர்கள் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தொழில் வளர்ந்தபோது, சட்டம் செய்பவர் ஒருவர், பித்தளைச் சக்கரம் வார்ப்பவர் ஒருவர், முகப்புப் பலகைக்கு வண்ணம் தீட்டுபவர் ஒருவர், சங்கிலி செய்பவர் ஒருவர் என்று வேலை பிரிந்தது. எல்லாவற்றையும் பூட்டி ஓடவிடுபவரே கடிகாரக்காரர்.

எடை இறங்கும் கணக்கு

இப்போது இயந்திரத்தைப் பார்ப்போம். என் பாராட்டு முதலில் எடைக்கு.

குக்கூ கடிகாரத்தின் இரண்டு எடைகளில் ஒன்று முட்களை ஓட்டுகிறது. மற்றொன்று மணியடிப்பதற்கும் பறவைக்கும் உரியது. முதல் எடையை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது 300 கிராம் என்றும், ஒரு நாளில் 1.5 மீட்டர் இறங்குகிறது என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பொருண்மை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் நிலையாற்றல் கிடைக்கும். 0.3 × 9.8 × 1.5 = 4.41 ஜூல். ஒரு நாளில் 86,400 விநாடிகள். வகுத்துப் பாருங்கள். கடிகாரத்துக்குக் கிடைக்கும் திறன் ஏறத்தாழ 0.00005 வாட்.

இது எவ்வளவு சிறியது? மின்கருவிகளில் மினுக்கும் சிறு சிவப்பு விளக்குக்கு 20 மில்லிவாட் தேவை என்று கொண்டால், அந்த ஒரு விளக்குக்கு ஆகும் திறனில் இத்தகைய 400 கடிகாரங்களை ஓட்டலாம். வேறு விதமாகச் சொல்கிறேன். 45 கிலோகிராம் நிறையுள்ள ஒரு மாணவர் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே ஒரு படி ஏறினால் ஏறத்தாழ 66 ஜூல் வேலை செய்கிறார். அந்த ஒரு படியின் ஆற்றல் இந்தக் கடிகாரத்தைப் பதினைந்து நாள் ஓட்டப் போதும்!

எடையின் சிறப்பு இதோடு முடியவில்லை. சுருள்வில்லால் ஓடும் கடிகாரத்தில் சாவி கொடுத்தவுடன் வில்லின் இழுப்பு மிகுதியாகவும், நேரம் ஆக ஆகக் குறைவாகவும் இருக்கும். எடையோ காலையிலும் மாலையிலும் ஒரே விசையோடு இழுக்கிறது. பூமி களைப்படைவதில்லை. நுட்பமாகப் பார்த்தால் இதிலும் ஒரு சிறு குறை உண்டு. எடை இறங்க இறங்க அந்தப் பக்கத்துச் சங்கிலி நீளுகிறது. மறுபக்கத்துச் சங்கிலி குறைகிறது. ஆகவே நாளின் இறுதியில் இழுப்பு சிறிதளவு கூடவே செய்யும். ஆயினும் சுருள்வில்லின் மாற்றத்தோடு ஒப்பிட்டால் இது பொருட்படுத்தத் தக்கதன்று. விலையுயர்ந்த எஃகு வில் தர முடியாத சீரான விசையை ஒரு கல் தந்தது. ஏழையின் கடிகாரம் இந்த ஒன்றில் செல்வரின் கடிகாரத்தை வென்றது.

ஊசல் வந்த பிறகு

விசை சீராக இருந்தால் மட்டும் போதுமா? அந்த விசையை அளந்து விட வேண்டும். இல்லையேல் எடை தடதடவென்று தரையில் வந்து நிற்கும். தொடக்க காலக் கடிகாரங்களில் இந்த வேலையைச் செய்தது, இருபுறமும் சிறு பளு வைத்துக் கிடைமட்டமாக முன்னும் பின்னும் ஆடிய ஒரு சட்டம். அதன் குறை அடிப்படையானது. அதற்கென்று சொந்தமான அலைவு நேரம் கிடையாது. ஒரு பக்கம் போனதை மீட்டு இழுக்கும் விசை அதனிடம் இல்லை. சக்கரத்தின் பல் தள்ளினால்தான் திரும்பும். தள்ளும் விசை கூடினால் கடிகாரம் விரையும். உராய்வு கூடினால் தளரும். நாளொன்றுக்குக் கால் மணி நேரம் பிழை காட்டினாலும் வியப்பில்லை.

1656இல் டச்சு நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தோடு இணைத்தார். ஊசலைப் புவியீர்ப்பே நடுநிலைக்கு இழுக்கிறது. அதனால் அதற்குச் சொந்தமான அலைவு நேரம் உண்டு. கருங்காட்டுக்கு ஊசல் வந்து சேர்ந்தது பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியை ஒட்டித்தான். தொடக்கத்தில் முகப்புக்கு முன்னால் ஒரு குட்டை ஊசல் ஆடியது. அதற்கு "மாட்டு வால் ஊசல்" என்று பெயர். உழவர் நாட்டுக்குப் பொருத்தமான பெயர்தான்!

ஊசலையும் சக்கரத்தையும் இணைப்பது கடிகாரக்காரர்கள் "எஸ்கேப்மென்ட்" என்று சொல்லும் உறுப்பு. நங்கூர வடிவமுள்ள ஒரு சிறு துண்டு ஊசலோடு சேர்ந்து ஆடும். ஊசல் ஒரு முழு அலைவு ஆடும்போது சக்கரத்தின் ஒரே ஒரு பல்லை அது கடந்து போக விடும். போகிற பல் ஊசலுக்கு ஒரு சிறு தள்ளு கொடுத்துவிட்டுப் போகும். நாம் கேட்கும் "டிக் டிக்" ஓசை இந்தத் தடுப்பாலும் தள்ளாலும் வருவதே.

விமர்சகனாக நான் குறை சொல்ல வேண்டிய இடம் ஊசலின் நீளம். குக்கூ கடிகாரத்தின் ஊசல் குட்டையானது. கணக்கின் வசதிக்காக 25 சென்டிமீட்டர் என்று கொள்வோம். அதன் அலைவு நேரம் ஏறத்தாழ 1 விநாடி. நீளம் 1 மில்லிமீட்டர் மாறினால், அதாவது 250இல் 1 பங்கு மாறினால், அலைவு நேரம் அதில் பாதி, 500இல் 1 பங்கு மாறும். ஒரு நாளில் இது ஏறத்தாழ 173 விநாடி, கிட்டத்தட்ட மூன்று நிமிடம்! ஒரு மீட்டர் நீளமுள்ள ஊசலில் அதே 1 மில்லிமீட்டர் 43 விநாடிப் பிழையைத்தான் தரும். ஊசல் கம்பியில் நகரும் மர இலையை விரலால் மேலும் கீழும் தள்ளித்தான் குக்கூ கடிகாரத்தைச் சரி செய்ய வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கு விரலை நம்ப முடியுமா?

இரண்டாவது குறை வீச்சு. "ஊசலின் அலைவு நேரம் வீச்சைப் பொறுத்ததன்று" என்று பள்ளியில் படித்திருப்பீர்கள். சிறு வீச்சுகளுக்கு மட்டுமே இது ஏறத்தாழ உண்மை. நடுநிலையிலிருந்து 10 பாகை வரை ஆடும் ஊசல், மிகச் சிறிய வீச்சில் ஆடும் ஊசலைவிட நாளொன்றுக்கு ஏறத்தாழ 165 விநாடி பின்தங்கும். வீச்சு எப்போதும் 10 பாகையாகவே இருந்தால் கவலையில்லை. நீளத்தைக் குறைத்து ஈடு கட்டலாம். ஆனால் எண்ணெய் கெட்டிப்பட்டு, தூசி சேர்ந்து, வீச்சு 9 பாகையாகக் குறைந்தால் கடிகாரம் நாளொன்றுக்கு 31 விநாடி விரைந்து ஓடும். ஹைகன்ஸ் இந்தக் குறையை அறிந்திருந்தார். 1673இல் வெளியிட்ட ஊசல் கடிகாரம் பற்றிய நூலில், வட்ட வில்லுக்குப் பதிலாக வட்டப்புள்ளியுரு என்னும் வளைகோட்டில் ஆடும் ஊசலுக்கு இக்குறை இல்லை என்று நிறுவினார்.

ஊசல் கம்பி மரமாக இருந்தால் ஒரு நன்மை உண்டு என்று சொல்வார்கள். எஃகுக் கம்பி 10 பாகை செல்சியஸ் வெப்ப உயர்வில் நீண்டு, நாளொன்றுக்கு 5 விநாடி பின்தங்க வைக்கும். மரம் நார் ஓடும் திசையில் குறைவாகவே விரிவதால் பிழை 2 விநாடி அளவே. இது சரியான கூற்றுதான். ஆனால் வீச்சினால் 31 விநாடியும் இலை நகர்வினால் நிமிடக்கணக்கிலும் பிழை வரக்கூடிய ஒரு கடிகாரத்தில், இந்த 3 விநாடி இலாபத்தைப் பெரிதாகப் புகழ்வது நேர்மையாகாது. எந்தப் பிழை பெரிது, எந்தப் பிழை சிறிது என்று பிரித்தறிவதுதான் இயற்பியல் நமக்குக் கற்பிக்கும் முதல் பாடம்.

ஆக, குக்கூ கடிகாரம் துல்லியத்துக்குப் பேர் போனதன்று. பனிக்கால வீட்டில் எப்போது மாட்டுக்குத் தீனி வைப்பது, எப்போது கோயிலுக்குப் புறப்படுவது என்று தெரிந்துகொள்ள அது போதும். அந்தத் தேவைக்கு அது நேர்மையான இயந்திரம்.

கூவும் விதம்

பறவையின் குரலுக்குள் இரண்டு மரக் குழல்களும் இரண்டு சிறு துருத்திகளும் இருக்கின்றன. மணியடிக்கும் நேரம் வந்ததும் இரண்டாவது எடை இறங்கி ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அது ஒரு துருத்தியைத் தூக்கி விடும். அது விழும்போது காற்று குட்டைக் குழலின் வழியே பாய்ந்து மேல் சுரத்தைத் தரும். அடுத்து இரண்டாவது துருத்தி விழ, நீண்ட குழல் கீழ் சுரத்தைத் தரும். இரண்டு சுரங்களின் அதிர்வெண்களும் ஏறத்தாழ 6க்கு 5 அல்லது 5க்கு 4 என்ற விகிதத்தில் இருக்கும். குழலின் நீளம் கூடினால் அதிர்வெண் குறையும் என்ற ஒலியியல் பாடம் முழுவதும் இந்தக் கூவலில் அடங்கியிருக்கிறது.

சொல்லப்படும் கதை

இனி என் தவறுக்கு வருவோம். 1730, கெட்டரர் என்ற விடை எங்கிருந்து வந்தது? 1810இல் மார்கஸ் ஃபிடெலிஸ் யேக் என்ற பாதிரியார் கருங்காட்டுத் தொழில்கள் பற்றி எழுதிய நூலிலிருந்து. ஷோன்வால்ட் என்ற ஊரைச் சேர்ந்த கடிகாரக்காரர், தேவாலயத்து ஆர்கன் வாத்தியத்தின் துருத்தியைப் பார்த்து இந்த யோசனையைப் பெற்றார் என்பது அவர் தரும் செய்தி. அழகான கதை. ஆனால் நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு எண்பது ஆண்டுகள் கழித்து எழுதியது.

அதற்கு முன்பே, 1796இல், ஃப்ரான்ஸ் ஸ்டைரர் என்ற மற்றொரு பாதிரியார் வேறு கதை சொல்லியிருக்கிறார். கருங்காட்டுக் கடிகார வியாபாரிகள் இருவர், பொஹீமியா நாட்டு வியாபாரி ஒருவரிடம் மரக் குக்கூ கடிகாரத்தைக் கண்டு, ஒன்றை வாங்கி வந்து, பார்த்துச் செய்தார்கள் என்பது அக்கதை. 1927இல் அடால்ஃப் கிஸ்ட்னர் என்ற வரலாற்றாசிரியர் இதை மறுத்தார். அப்படியொரு பொஹீமியக் கடிகாரம் ஒன்றுகூடக் கிடைக்கவில்லையே என்பது அவர் வாதம். முதல் கதையை மறுத்தவர் டோரர். கெட்டரர் 1734இல் பிறந்தவர் என்பதை அவர் 1948இலேயே சுட்டிக்காட்டிவிட்டார். நான் கேள்வி எழுதியதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே விடை பொய் என்று அச்சில் இருந்திருக்கிறது!

இன்னும் பின்னோக்கிப் போவோம். 1629இல் அவுக்ஸ்பர்க் நகரத்துப் பிலிப் ஹைன்ஹோஃபர், சாக்ஸனி ஆட்சியாளரின் உடைமையாக இருந்த ஒரு குக்கூ கடிகாரத்தை வர்ணித்திருக்கிறார். 1650இல் அதனாசியஸ் கிர்ஷர் இசை பற்றிய தம் பெருநூலில், இயந்திர ஆர்கன் ஒன்றில் இரு குழல்களால் கூவும் குக்கூவை விவரித்திருக்கிறார். 1669இல் இத்தாலியரான டொமெனிகோ மார்ட்டினெல்லி, மணியை அறிவிக்கக் குக்கூவின் குரலைப் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கிறார். ஆக, 1730க்கு ஒரு நூற்றாண்டு முன்பே யோசனையும் இருந்தது, பொருளும் இருந்தது.

அப்படியானால் கருங்காட்டுக்காரர்களுக்குப் பெருமை இல்லையா? உண்டு. ஆனால் அது வேறு பெருமை. அரசனின் வேடிக்கைப் பொருளாக இருந்ததை மரத்தாலும் கல்லாலும் செய்து, உழவனின் சுவரில் மாட்டினார்கள். ஒரு பெயர் தெரிந்த மேதை இதைச் செய்யவில்லை. பெயர் தெரியாத பலர், தலைமுறை தலைமுறையாக, ஒரு சக்கரத்தை மாற்றி, ஓர் ஊசலைச் சேர்த்து, ஒரு குழலை ஒட்டிச் செய்தார்கள். "கண்டுபிடித்தவர் யார்?" என்று ஒருமையில் கேட்கும் கேள்வி இவர்கள் அத்தனை பேரையும் அழித்துவிடுகிறது. என் கேள்வியின் உண்மையான குற்றம் தவறான ஆண்டு மட்டுமன்று, தவறான ஒருமையும்தான்.

வீட்டின் வேடம்

அந்த வீட்டு வடிவத்தைப் பார்த்தவுடன் "பழமையான கிராமத்துக் கலை" என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. உண்மை வியப்பூட்டுவது. பழைய கருங்காட்டுக் கடிகாரங்களுக்கு வீடு கிடையாது. ரோஜா மலர் தீட்டிய ஒரு முகப்புப் பலகை, அதன் பின்னால் இயந்திரம், அவ்வளவுதான். 1840களில் அமெரிக்காவின் மலிவான பித்தளைக் கடிகாரங்கள் ஐரோப்பாவுக்கு வந்தபோது கருங்காட்டுத் தொழில் தடுமாறியது. 1850இல் ஃபுர்ட்வாங்கன் நகரில் கடிகாரப் பள்ளி ஒன்று தொடங்கப்பட்டது. அதன் தலைவர் ராபர்ட் கெர்விக் என்ற பொறியாளர். காலத்துக்கேற்ற புதிய கடிகாரப் பெட்டி வடிவங்களை அனுப்பும்படி அவர் ஒரு போட்டி அறிவித்தார். பிற்காலத்தில் கருங்காட்டு ரயில் பாதையை அமைத்தவரும் இவரே.

போட்டிக்கு வந்த வடிவங்களுள் ஒன்று ஃப்ரீட்ரிஷ் ஐசன்லோர் என்ற கட்டடக் கலைஞருடையது. அப்போது புதிதாக வந்த பாடன் ரயில் பாதையின் கட்டடங்களைக் கட்டியவர் அவர். பாதை ஓரத்தில் ரயில்வே காவலர் குடியிருக்கும் வீட்டின் முகப்பை எடுத்து, அதில் கடிகாரத்தைப் பொருத்தினார். நம் ஊர் லெவல் கிராசிங் அருகே கேட் கீப்பருக்குக் கட்டிக் கொடுத்த வீடு போன்றதை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் பழமையின் சின்னம் என்று நினைப்பது, அன்றைய மிகப் புதிய தொழில்நுட்பமான ரயில்வேயின் சின்னம்! அவருடைய வடிவம் சாயம் பூசாத வெளிர் மரத்தில், தட்டையான கொடி வேலைப்பாட்டோடு எளிமையாக இருந்தது. இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். தன் காலத்தை மறைக்காத வடிவம் அது.

பின்னர் வந்தவர்கள் அதைக் கெடுத்தார்கள் என்பதே என் கருத்து. கருஞ்சாயம், தடித்த செதுக்கல், தொங்கும் முயல், துப்பாக்கி, மான் தலை என்று வேட்டைக் காட்சிகள் ஏறின. 1862இல் யோஹான் பாப்டிஸ்ட் பேஹா என்ற தேர்ந்த கடிகாரக்காரர் எடைகளை ஊசியிலை மரத்தின் காய் வடிவில் வார்த்தார். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு அது எடையாகத் தெரியவில்லை, அலங்காரமாகத் தெரிகிறது. கல் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தால் ஒரு குழந்தைகூட "இது இறங்குவதால்தான் அது ஓடுகிறது" என்று கண்டுகொள்ளும். காய் தொங்கும் கடிகாரம் அந்தப் பாடத்தை மறைத்துவிடுகிறது.

"பார்க்க அழகாக இருந்தால் போதாதா, எல்லாப் பொருளும் பாடம் நடத்த வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பேஹாவின் காய் வேடம் போட்டாலும் வேலை செய்தது; காலையில் சங்கிலியை இழுத்து ஏற்றாவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். என்னால் ஏற்க முடியாதது அடுத்த படி. இன்று கடைகளில் விற்கும் பல குக்கூ கடிகாரங்கள் மின்கலத்தாலும் குவார்ட்ஸ் படிகத்தாலும் ஓடுகின்றன. நேரம் அவற்றில் துல்லியமாகவே இருக்கும். ஆனாலும் அதே சங்கிலி தொங்குகிறது, அதே இரும்புக் காய் தொங்குகிறது, ஊசலும் ஆடுகிறது. எதற்கும் எதனோடும் தொடர்பில்லை. அந்த எடை ஒருநாளும் இறங்காது. பிறப்பதற்கு முன்பே கடிகாரம் செய்த கெட்டரருக்கு ஏற்ற கடிகாரம் இது என்பேன்!

தீர்ப்பு

ஆகவே என் தீர்ப்பு இதுதான். இயந்திரம் நல்லது, துல்லியம் குறைந்தாலும் நேர்மையானது. வீடு, தொடக்கத்தில் நல்லது, பிறகு மிகைப்பட்டது. கதை தவறு, அதைப் பரப்பியவர்களுள் நானும் ஒருவன். ஒரு பொருளின் தோற்றத்தை விசாரிக்கும்போது ஆய்வகத்தில் கேட்கும் கேள்விகளையே கேட்கலாம். யார் சொன்னது? நிகழ்ந்து எத்தனை ஆண்டு கழித்துச் சொன்னது? வேறு சாட்சி உண்டா? பொருள் கைக்குக் கிடைத்திருக்கிறதா? எண்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா? கடைசி வரிசை மாணவன் கேட்டது இந்த ஐந்தாவது கேள்வியைத்தான். அவன் படிப்பை முடித்துவிட்டுப் போய்விட்டான். "உட்கார்" என்று நான் சொன்ன அந்த ஒரு சொல்லைத் திரும்பப் பெற வழியில்லை. இப்போதெல்லாம் வினாடி வினாவில் "கண்டுபிடித்தவர் யார்?" என்று நான் கேட்பதில்லை. "இந்தக் குறை எப்படித் தீர்ந்தது?" என்று கேட்கிறேன். விடை சொல்ல நேரம் ஆகிறது. ஆகட்டும்.

இதைப் படித்து முடித்ததும் ஒரு நூலையும் சிறு கல்லையும் எடுத்துக்கொள்ளுங்கள். தொங்கும் இடத்திலிருந்து கல்லின் நடுவரை 25 சென்டிமீட்டர் இருக்கும்படி கட்டி, 60 அலைவுகளுக்கு ஆகும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு நீளத்தை 1 மீட்டராக்கி மீண்டும் 60 அலைவுகளை எண்ணுங்கள். நீளம் நான்கு மடங்கானபோது நேரம் எத்தனை மடங்காயிற்று? நான் சொன்னதை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள்.